ஆவணத்தை மறைத்தால் வழக்கே போகும்

ஆசிரியருக்கு,

சொத்து வழக்குகளின் தேக்கம் குறித்த தங்கள் தலையங்கம் வாய்தாக்களைச் சாடியது சரியே. ஆவணங்களைக் காட்டாமல் இழுத்தடிப்பதை அது தொடவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 11, விதி 21-இன்படி, ஆவணங்களை வெளிப்படுத்துமாறு நீதிமன்றம் இட்ட உத்தரவை வாதி மீறினால் வழக்கு தள்ளுபடியாகலாம். அதே வழக்குமூலத்தில், அதாவது வழக்குக்குக் காரணமான அதே விவகாரத்தில், மறுபடி வழக்குத் தொடரவும் முடியாது. பிரதிவாதி மீறினால் அவரது எதிர்வாதமே நீக்கப்படலாம். வேண்டுமென்றே செய்த மீறலுக்கே இந்தக் கடுமை என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் வரையறுத்தது நியாயம்தான்.

நடைமுறையில் பலர் ஆவணங்களைக் காட்டுமாறு எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பியதோடு நின்றுவிடுகிறார்கள். விதி 18-இன் கீழ் ஆவணங்களைப் பார்வையிட உத்தரவு பெறாமல் நேரே விதி 21-க்குப் போனால் மனு நிற்காது. ஆவணப் பட்டியல், கெடு நாள், மீறினால் நேரும் விளைவு ஆகியவற்றை உத்தரவிலேயே நீதிபதிகள் எழுதிவிட வேண்டும்.

– ஒரு வழக்கறிஞர், மதுரை