"சத்தா சாப்பிடுங்க" என்றால் என்ன சாப்பிடுவது? கர்ப்பகாலப் பரிசோதனை மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஆலோசனைத் தாளை அச்சிடுவோருக்கும்,

முதல் பரிசோதனைக்கு வரும் பெண்ணிடம் நீங்கள் கொடுக்கும் தாளில் "சத்தான உணவு உண்ணவும்" என்று ஒரு வரி இருக்கிறது. எந்தச் சத்து, எவ்வளவு, எந்த வாரத்தில் என்பது இல்லை. குழந்தையின் மூளை வாரக்கணக்கில் வளர்கிறது. தாளும் வாரக்கணக்கில் பேசட்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

முதலில் ஃபோலிக் அமிலம், கருவின் நரம்புக்குழாய் சரியாக மூட உதவும் வைட்டமின். மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறப்போகும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிக்கொள்ளும். மாதவிடாய் தள்ளிப்போய் அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பலருக்குச் சந்தேகமே அப்போதுதான் வரும். கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணி 10ஆம் வாரத்தில் மாத்திரை எழுதுவது தவறில்லை, ஆனால் அந்தக் குழாய் மூடி ஒரு மாதம் ஆகிவிட்டது. ஆகவே கருத்தடையை நிறுத்த ஒரு பெண் வரும்போதே தினம் 400 மைக்ரோகிராம் என்று சொல்லிவிடுங்கள்: கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தாவது தொடங்கி, 12ஆம் வாரம் வரை. முந்தைய கர்ப்பத்தில் நரம்புக்குழாய்க் குறை (குழாய் சரியாக மூடாத பிறவிக் குறை) நேர்ந்தவருக்கு இது போதாது. பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 1991 ஆய்வில், தினம் 4 மில்லிகிராம் கொடுத்தபோது அந்தக் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. இந்த அளவை மருத்துவர்தான் எழுதித்தர வேண்டும். கடையில் வாங்கிய மல்டிவிட்டமினைப் பத்துப் பத்தாக விழுங்கி 4 மில்லிகிராமை எட்டப் பார்த்தால் வைட்டமின் ஏ அளவு மீறிப்போகும். அது கருவுக்கே கேடு.

இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேர்க்காதவரா? வைட்டமின் பி12ஐயும் சோதியுங்கள். ஃபோலிக் அமிலம் இரத்தச்சோகையைச் சரிசெய்து பி12 குறைபாட்டை மறைத்துவிடும். நரம்புச் சேதம் மட்டும் உள்ளே தொடரும்.

எல்லோரும் மறந்துவிடுவது அயோடினை. கர்ப்பத்தின் முதல் பாதியில் கரு பெரும்பாலும் தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. அந்த ஹார்மோன் உருவாக அயோடின் வேண்டும். நரம்புச் செல்கள் நகர்ந்துபோய் மூளைப் புறணியில் அடுக்கடுக்காக அமர்வது அந்த வாரங்களில்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, நாளுக்கு 250 மைக்ரோகிராம். கர்ப்பகால மல்டிவிட்டமின்கள் சிலவற்றில் அயோடினே இருக்காது. அட்டையைத் திருப்பிப் படித்தால் தெரியும். இரத்த அழுத்தத்துக்காக "உப்பைக் குறைங்க" என்று நீங்களே சொல்லும்போது, அயோடின் கலந்த உப்பை நம்பியிருந்தவருக்கு அந்த ஒரு வழியும் அடைபடுகிறது. மாற்று வழியை அதே நாளில் சொல்லுங்கள். கடற்பாசி மாத்திரை அந்த மாற்று அல்ல. அதில் அயோடின் தாறுமாறாக இருக்கும், அளவு மீறினால் கருவின் தைராய்டு முடங்கும்.

இரும்புச்சத்தில் குழப்பமே எண்ணில்தான். அட்டையில் ஃபெரஸ் சல்பேட் 300 மில்லிகிராம் என்று இருந்தால், உடலுக்குக் கிடைக்கக்கூடிய இரும்பு அதில் 60தான். தினமும் தேவைப்படுவது 30 முதல் 60 வரை. தாளில் எந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். காலையில் கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போட்டு, மேலே ஒரு டீயும் குடித்தால், இரும்பில் பெரும்பகுதி உடலில் சேராமல் வெளியேறிவிடும். இரும்பு மாத்திரைக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் விடச் சொல்லுங்கள். மலம் கறுக்கும், மலச்சிக்கல் வரலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பயந்துபோய் மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். ஹீமோகுளோபின் அப்போதைக்குச் சமாளித்துக்கொண்டிருந்தாலும், நினைவாற்றலுக்கான ஹிப்போகாம்பசும் நரம்பின் மயலின் உறையும் வளரும் நேரத்தில் இரும்பு இருப்பு காலியாகியிருக்கும்.

மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலின் என்ற சத்தைப் பற்றித் தாளில் ஒரு வரியாவது வேண்டும். கர்ப்பிணிக்கு நாளுக்கு 450 மில்லிகிராம் என்பது கணக்கு. ஒரு முட்டையில் ஏறக்குறைய 150, அதுவும் மஞ்சள் கருவில். வெள்ளையை மட்டும் சாப்பிடச் சொல்வது இங்கே பயனில்லை.

டிஎச்ஏ (ஒமேகா-3 வகைக் கொழுப்பு) மாத்திரையை "அறிவுள்ள குழந்தைக்கு" என்று சொல்லி விற்பதை மட்டும் உங்கள் வளாகத்தில் நிறுத்துங்கள். அந்தக் கொழுப்பு மூளைக்குத் தேவைதான், ஒமேகா-3 குறைப்பிரசவத்தைக் குறைக்கிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. மாத்திரை அறிவுத்திறனைக் கூட்டுகிறது என்பதைச் சோதனைகள் நிரூபிக்கவில்லை.

அடுத்த பரிசோதனையில் "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்காதீர்கள்; "ஆமாம்" என்றுதான் பதில் வரும். எத்தனை மணிக்கு, எதோடு என்று கேளுங்கள். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, எத்தனை மிச்சம் என்று சேர்ந்தே எண்ணிப் பாருங்கள்.

இப்படிக்கு,
கர்ப்பகால ஊட்டச்சத்து ஆலோசகர்கள்