கார்டில் உன் பெயர்

அன்புள்ள செல்வத்துக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கீழண்டைத் தோப்பில் பலா இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

ரேஷன் கார்டில் இருந்து உன் பெயரை எடுத்துவிடச் சொன்னாயாம், பாப்பா சொன்னாள். என்னிடமே சொல்லியிருக்கலாம். எடுத்தால்தான் அங்கே தனிக் கார்டு போட முடியும், அது எனக்கும் தெரியும். ஆனால் அரிசிக்காக என்றால் அவசரமே இல்லையே. 2020 அக்டோபரில் இருந்து தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் நம் கார்டுக்கு வாங்கலாம், கைரேகை வைத்தால் போதும். வேறு காரணம் என்றால் அதைச் சொல். பொங்கலுக்கும் நீ வரவில்லை.

கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய பிள்ளை இன்று சொந்தமாகக் குட்டியானை ஓட்டுகிறான் என்று பண்ருட்டி மண்டியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். வண்டி ஓட்டுகிறவன் வெறும் டீயோடு இருக்கக் கூடாது. வேளைக்குச் சாப்பிட வேண்டும்.

அந்த அக்டோபர் ஏற்பாடு ஆறு மாதம் முன்னாலேயே வந்திருக்கலாம். மார்ச்சில் ஊரடங்கு போட்டதும் மெஸ்ஸை மூடிவிட்டார்கள், அம்மா உணவகத்துக்கு நடந்து போகிறேன் என்று போனில் சொன்னாய். இங்கே கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாம் இலவசம், ஆயிரம் ரூபாயும் கொடுத்தார்கள். அது போக ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி என்று டெல்லியில் அறிவித்தார்கள். கார்டில் நாலு பெயர். உன் பங்கையும் சேர்த்து நான்தான் சுமந்து வந்தேன். அரசுக் கிடங்குகளில் 7 கோடி டன்னுக்கு மேல் தானியம் இருக்கிறது, நாட்டில் பஞ்சம் வராது என்று பேப்பரைப் பார்த்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பொய்யில்லை, இருந்தது. நீ இருந்த ஊர்க் கடையில்தான் உன் பெயர் இல்லை. இங்கே வண்டி வராமல் பழமெல்லாம் வெடித்து விழுந்தது, மாட்டுக்கு வெட்டிப் போட்டேன். அதை இறக்கிக் கூலி வாங்க வேண்டியவன் நீ.

சரி, இதையெல்லாம் எழுத நான் உட்காரவில்லை.

மே மாதம் மார்க்கெட்டை மூடினார்களே, அப்போது நீ லாரியில் வந்து விடியற்காலையில் நம் வாசலில் நின்றாய். கோயம்பேட்டில் இருந்து வந்தவர்களால் கடலூர் மாவட்டத்தில் தினமும் கொரோனா எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த நேரம். ஊரில் பேசுவார்கள் என்று உன்னிடம் சொன்னேன். ஊர் இல்லை தம்பி, எனக்குத்தான் பயம். படலைத் திறக்கவில்லை. அம்மா சோறு போட்டு எடுத்து வந்தாள், அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். பள்ளிக்கூடத்தில் தனிமையில் வைத்து அரசாங்கமே சாப்பாடு போடும், அங்கே போ என்றேன். நீ ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனாய்.

அந்தச் சோறு உன் பங்கு அரிசியிலும் சேர்த்து வடித்தது. அம்மா அன்று சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

இ-சேவை மையத்தில் கேட்டேன், என் போனுக்கு ஓடிபி வருமாம். நீ வேண்டும் என்றால் பெயரை எடுத்துவிடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு தடவை வா. காலையிலேயே வந்தாலும் வா, படல் திறந்திருக்கும்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா