ஓவிய வகுப்புக்கு அடுத்தடுத்து இரண்டு பாடவேளைகள் வேண்டும்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் கால அட்டவணை வகுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். பல ஆண்டுகளாக ஓவிய வகுப்பு எடுத்துவரும் அனுபவத்தில் ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். கண்காட்சி நாளன்று மேசைமேல் நிற்கும் பொருளைத்தான் வகுப்பின் கலைத் திட்டம் என்கிறோம். அதற்கு முந்தைய வாரங்களில் பிள்ளைகள் யோசித்ததற்கும், கிறுக்கிக் கிழித்துப் போட்டு மறுபடி வரைந்ததற்கும் நம் அட்டவணையில் இடமே இல்லை.

40 நிமிடப் பாடவேளையில் தண்ணீர் பிடித்து, பழைய செய்தித்தாளை விரித்து, வண்ணக் குப்பிகளைத் திறப்பதற்குள் 10 நிமிடம் போய்விடும். தூரிகை கழுவி மேசை துடைக்க இன்னொரு 10. எஞ்சிய நேரத்தில் முதல் பூச்சுகூடச் சரியாகக் காய்வதில்லை. ஈரமான சிவப்பின் ஓரத்தில் பச்சையை வைத்தால் இரண்டும் ஓடிக் கலந்து பழுப்பாகிவிடுகின்றன. பிள்ளைக்குப் பொறுமையில்லை என்று சொல்லிவிடுகிறோம். பொறுத்திருக்க நாம் நேரம் கொடுத்தோமா?

என் வகுப்பு மாணவி ஒருத்தி காகிதக்கூழில் கொக்கு செய்தாள். மறுநாள் வந்து பார்த்தால், கூழின் ஈரப் பாரம் தாங்காமல் கழுத்து மார்பின்மேல் சாய்ந்து கிடந்தது. அவள் அழவில்லை, குறிப்பேட்டை எடுத்து, அலகிலிருந்து கால்வரை உள்ளே ஒரே கம்பி ஓடுவதாக வரைந்து, "முதலில் எலும்பு, பிறகு சதை" என்று பக்கத்தில் எழுதினாள். கண்காட்சிக்கு அந்தக் கொக்கு முடியவில்லை, மதிப்பெண்ணும் குறைந்தது. அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் போட எங்கள் படிவத்தில் கட்டமே இல்லை.

1937இல் 'குவெர்னிகா' என்ற ஓவியத்தைத் தீட்டிய பிக்காசோவே அதற்கெனப் பல முன்வரைவுகள் போட்டார். திரைச்சீலையில் அது படிப்படியாக மாறியதை ஒளிப்படக் கலைஞர் டோரா மார் எடுத்த படங்களில் காணலாம். கைதேர்ந்த ஓவியருக்கே அத்தனை ஒத்திகை தேவைப்பட்டிருக்க, பத்து வயதுப் பிள்ளை முதல் தாளிலேயே முடித்துத் தர வேண்டும் என்கிறோம். நேரமில்லாமல் நானும் கரும்பலகையில் ஒரு மயிலை வரைந்துவிட்டு, வகுப்பு முழுவதும் ஒரே மயிலாக வாங்கியிருக்கிறேன். சுவரில் ஒட்டியபோது பார்வையாளர்கள் பாராட்டியது இன்றும் உறுத்துகிறது.

ஆகவே, ஒரு திட்டத்துக்கு ஆறு வாரம், வாரம் ஒருமுறை அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகள் ஒதுக்குங்கள். முதல் இரண்டு வாரங்கள் உள்ளங்கை அளவுப் படங்களுக்கும், அவற்றில் ஒன்றைக் காரணம் சொல்லித் தேர்ந்தெடுப்பதற்கும் போகட்டும். மூன்றாவது வாரம், கையிலிருக்கும் அட்டையும் கம்பியும் பசையும் அந்த எண்ணத்துக்கு ஈடுகொடுக்குமா என்று சோதிப்பதற்கு. மதிப்பெண்ணில் பாதியைக் குறிப்பேட்டுக்கு வைக்கலாம். காயாத வேலைகளை அடுத்த வாரம்வரை பத்திரப்படுத்த ஓர் அலமாரியும் தேவை. இதைக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில்லாமல் எதுவும் நடக்காது.

அடுத்த கல்வியாண்டின் அட்டவணைக்கு நீங்கள் உட்காரும் நாளில், பிள்ளைகளின் குறிப்பேடுகளோடு வந்து பேசக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்