மழை கொடுத்த கொட்டகை

பாஸ்டன்,
ஆகஸ்ட் கடைசி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறாள். நீங்கள் உண்மையை எழுதுங்கள்.

இந்தக் கடிதம் ஒரு கொட்டகையைப் பற்றியது. போனில் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். படித்துவிட்டு சபா அன்பர்களுக்கும் காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேர் டாங்கிள்வுட் இசை விழாவுக்குப் போய்வந்தோம். என்னுடன் வேலை பார்க்கும் கொலம்பியப் பெண், அவள் கணவர், எங்கள் மாடியில் குடியிருக்கும் கொரிய மாணவி, நான். காரில் மேற்கே இரண்டரை மணி நேரப் பயணம். பெர்க்‌ஷயர் குன்றுகளின் நடுவே லெனாக்ஸ் என்று ஒரு சிற்றூர். பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு கோடைக்காலத்தில் அங்கே போய்த்தான் வாசிக்கிறது.

நடுவில் விசிறியை விரித்த வடிவத்தில் பெரிய கூரை. பக்கச் சுவர் கிடையாது. உள்ளே ஏறத்தாழ 5,000 பேர் உட்காரலாம். எங்களுடையது புல்வெளி டிக்கெட். மரங்களுக்கு அடியில் அவரவர் கொண்டுவந்த விரிப்பைப் போட்டு உட்கார வேண்டும். சிலர் மடக்கு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பூ வைத்து, மெழுகுவர்த்திகூட ஏற்றியிருந்தார்கள். நான் கட்டிக்கொண்டு போயிருந்த புளியோதரையைக் கொரியப் பெண் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அம்மாவிடம் சொல்லுங்கள்.

கச்சேரி இரண்டரை மணிக்கு. ஒன்றரைக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. எங்களிடம் குடை இல்லை. பக்கத்து விரிப்பில் இருந்த மூதாட்டி எங்களைத் தன் பெரிய குடைக்குள் கூப்பிட்டுக்கொண்டார். "இந்தக் கூரையே மழை கொடுத்ததுதான், தெரியுமா?" என்று அவர் சொன்ன கதையை வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அப்படியே நடந்திருக்கிறது.

1937 ஆகஸ்ட் 12. அப்போது கூரை இல்லை, துணிக்கூடாரம்தான். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசையை வாசித்துக்கொண்டிருந்தார்கள். இடியும் மழையும் சேர்ந்து வந்து வாசிப்பு பாதியில் நின்றது. மெல்லிய ஸ்வரங்கள் கொண்ட ஒரு பகுதியை, மழைச் சத்தத்தில் கேட்காது என்று அடியோடு விட்டுவிட்டார்கள். இடைவேளையில் விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கெர்ட்ரூட் ராபின்சன் ஸ்மித் என்ற அம்மையார் எழுந்து நின்று, நமக்கு நிலையான கூரை வேண்டும், பணம் தாருங்கள் என்று கேட்டார். நனைந்துகொண்டிருந்தவர்கள் கொடுத்தார்கள். மீதிக் கச்சேரிகளில் துண்டறிக்கை கொடுத்து மேலும் சேர்த்தார்கள். எலியல் சாரினன் என்ற பெரிய கட்டடக் கலைஞர் போட்ட திட்டம் ஒதுக்கியிருந்த ஒரு லட்சம் டாலருக்குள் அடங்கவில்லை. இந்தப் பணத்துக்கு வெறும் கொட்டகைதான் வரும் என்று அவர் சொல்லிவிட, பக்கத்து ஊர்ப் பொறியாளர் ஜோசப் ஃபிரான்ஸ் திட்டத்தை எளிமையாக்கிக் கட்டி முடித்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே திறந்துவிட்டார்கள். இன்றும் அதன் பெயர் கொட்டகைதான்!

இதைக் கேட்கும்போது என் கண்முன் நின்றது நீங்கள்தான். போன கந்த சஷ்டியில் மூன்றாம் நாள், தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் தள்ளிக்கொண்டே கச்சேரி கேட்டீர்களே. வயலின்காரர் துண்டால் வயலினை மூடிக்கொண்டு எழுந்தாரே. ஐப்பசி மழையை யார் தடுக்க முடியும்?

இரண்டு மணிக்கு மழை விட்டது. அன்று பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி. அப்பா, அதை எப்படிச் சொல்வேன்! பாடகர்கள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வாய் திறக்காமல் காத்திருக்கிறார்கள். பிறகு செல்லோ, டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியங்கள் மட்டும், மந்திர ஸ்தாயியில், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் சொல்வதுபோல ஒரு மெட்டைத் தொடங்குகின்றன. க க ம ப, ப ம க ரி, ஸ ஸ ரி க, க ரி ரி. வாசித்துப் பாருங்கள், சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் வரிசைகளைவிடக் கடினமில்லை. இதை எழுதியபோது பீத்தோவனுக்குக் காது கேட்கவில்லை. ஈரப் புல்லில் அத்தனை ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தும் ஒரு இருமல் இல்லை. இலையிலிருந்து சொட்டும் நீர்தான் கேட்டது. அதே மெட்டைப் பாடகர் குழுவினர் எல்லோரும் குரலெடுத்துப் பாடியபோது கொலம்பியப் பெண் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளும் மூன்று வருடமாக ஊருக்குப் போகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் சபாவுக்கும் நிலையான கூரை வேண்டும். யாரிடமும் கேட்க உங்களுக்குக் கூச்சம், எனக்குத் தெரியும். இந்த வருடம் மழை வந்தால் கச்சேரியை நிறுத்திவிட்டு மேடையேறிக் கேளுங்கள், அந்த அம்மையார் கேட்டதுபோல. துண்டறிக்கையை நான் எழுதி அனுப்புகிறேன். தூண்களுக்கும் தகரத்துக்கும் என்ன செலவாகும் என்று கொத்தனாரிடம் இப்போதே விசாரித்து வையுங்கள்.

உங்கள் கணக்கில் இன்று பணம் போட்டிருக்கிறேன். கூரை நிதியின் முதல் ரசீதை அம்மாவின் பெயரில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்