தீர்ப்போடு கலைந்துவிடும் மாதிரி நீதிமன்றம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போரில் உறவுகளை இழந்த குடும்பங்களின் வழக்கைச் சட்ட மாணவர்கள், பயிற்சிக்காக நடத்தப்படும் மாதிரி மனித உரிமை நீதிமன்றம் ஒன்றில் வாதாடியது பற்றிய கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சிதான். ஆனால் 'இந்த வழக்கை விசாரிக்கவே நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை' என்ற அரசுத் தரப்பு வாதத்தைக் கட்டுரையாளர் வெறும் சாமர்த்தியமாகப் பார்த்திருக்கிறார். நிஜக் குடும்பங்கள் தோற்பதே அந்த இடத்தில்தான்.

1940-இல் சோவியத் ரகசியப் போலீஸ் ஏறத்தாழ 22,000 போலந்துக் கைதிகளைச் சுட்டுக் கொன்றது. காட்டின் (Katyn) என்ற இடத்தின் பெயரால் சொல்லப்படும் படுகொலை இதுதான். 1990-இல் தொடங்கிய விசாரணையை ரஷ்ய அதிகாரிகள் 2004-இல் மூடினார்கள். மூடிய உத்தரவையும் ரகசியமாக்கினார்கள். உறவினர்கள் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த நீதிமன்றத்துக்கு அடிப்படையான ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கைக்குள் ரஷ்யா வந்ததோ 1998-இல். கொலைகளுக்கும் அதற்கும் இடையே 58 ஆண்டுகள். இவ்வளவு இடைவெளி இருப்பதால் விசாரணை முறையாக நடந்ததா என்று பார்க்கத் தனக்கு அதிகாரமில்லை என்று 2013-இல் நீதிமன்றம் கைவிரித்தது. விசாரணையை மூடிய உத்தரவின் நகலைத் தனக்குத் தர மறுத்ததற்காக மட்டும் ரஷ்யாவைக் குறை சொன்னது.

சைப்ரஸில் 1974-இல் துருக்கிப் படையெடுப்பின்போது காணாமல் போனவர்களின் வழக்கில் அதே நீதிமன்றம் 2009-இல் வேறு வழி போனது. துருக்கி தனிநபர் மனுக்களை ஏற்றது 1987-இல்தான். ஆனாலும், காணாமல் போனவரின் கதி தெரியும்வரை தேடி விசாரிக்கும் கடமை அரசுக்குத் தொடர்கிறது என்றது. கொல்லப்பட்டது உறுதியானால் கதவு அடைபடலாம், காணாமல் போனால் திறந்திருக்கும்! மாணவர்கள் மோத வேண்டிய இடம் இது.

என் பெரிய குறை வேறு. மாதிரி நீதிமன்றம் தீர்ப்போடு கலைந்துவிடுகிறது. இத்தகைய போட்டிகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். என்ன பரிகாரம் வேண்டும் என்ற பகுதியை மணி அடித்த பிறகு அவசர அவசரமாக வாசித்துவிட்டு உட்காருவார்கள். உண்மையில் குடும்பங்களின் அடுத்த அலைச்சல் அங்கேதான் ஆரம்பம். 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சைப்ரஸுக்கு 9 கோடி யூரோ வழங்கத் துருக்கியிடம் சொன்னது. அதில் 3 கோடி காணாமல் போனவர்களின் உறவினர்களுக்கு. துருக்கி ஆண்டுக்கணக்கில் கொடுக்கவில்லை. எலும்புகளைத் தோண்டி அடையாளம் கண்டு ஒப்படைக்க சைப்ரஸில் ஒரு குழு இருக்கிறது, ஆனால் கொன்றது யார் என்று சொல்வது அதன் வேலையல்ல.

ஆகவே அடுத்த முறை இரண்டாவது அமர்வு ஒன்றையும் வையுங்கள். ஆவணக் காப்பகத்தை யார் திறப்பது, எத்தனை மாதத்தில், மறுத்தால் என்ன செய்வது என்று வென்ற அணி திட்டம் தரட்டும். மதிப்பெண்ணில் பாதி அதற்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர்