வரத்துக்கால் பற்றி ஒரு வரி இல்லையே

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வறண்ட மாவட்டங்களில் விவசாயம் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இஸ்ரேல், சொட்டுநீர், பண்ணைக்குட்டை எல்லாம் இருந்தது. நடுவில் பெரிதாக ஒரு படம்: கண்மாய்க்குள் (எங்கள் பக்கம் ஏரிக்கு அதுதான் பெயர்) ஜேசிபி நிற்கிறது, கீழே 'தூர்வாரப்படும் நீர்நிலை' என்று போட்டிருந்தீர்கள். மூன்று பக்கத்தில் அந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் முதுகுளத்தூர் பக்கத்துக்காரன். எங்கள் ஜில்லாவுக்கு மாற்றல் வந்தாலே 'தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கிப் போட்டுட்டாங்க' என்பார்கள். ஆனால் இங்கே வருஷத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே மழை பெய்கிறது. இஸ்ரேலில் நெகேவ் பாலைவன ஓரத்தில் இருக்கும் பீர்ஷெபாவில் 200 மில்லிமீட்டர் வந்தாலே பெரிது. அவர்கள் பிரச்சினை மழை இல்லாதது. எங்கள் பிரச்சினை வேறு: ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து தடவையாகக் கொட்டிவிட்டு மழை போய்விடும், அதைப் பிடித்து வைத்தவனுக்குத்தான் தை மாதம் நெல். சொட்டுநீரைக் குறை சொல்லவில்லை. சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம் கொடுக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அந்தக் குழாயின் மறுமுனையை எதில் செருகுவது? எங்கள் பக்கம் பல இடங்களில் போர்வெல் போட்டால் உப்புத்தண்ணீர்தான் வருகிறது.

சரி, கண்மாய்க்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்துவிடுவோம், புழுதி விதைப்பு என்று பெயர். முளைப்பதும் வளர்வதும் மழையை நம்பித்தான். மழை விட்ட பிறகு, மார்கழிக் கடைசியில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் இரண்டு தண்ணீர் வேண்டும். அந்த இரண்டு தண்ணீருக்காகத்தான் கண்மாய். கிடைத்தால் மூட்டை, கிடைக்காவிட்டால் சாவி, அதாவது வெறும் பதர். எங்கள் விவசாயம் அவ்வளவுதான், இதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை.

கண்மாய் என்றால் பள்ளம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், அதிகாரிகள் உட்பட. அது பள்ளம் இல்லை, சரிவில் போட்ட ஒரு கரை. மேலிருந்து வரத்துக்காலில் தண்ணீர் வரும், கரையில் முட்டி நிற்கும், மடை வழியாகத் தானாகவே வயலுக்கு இறங்கும், மிஞ்சினால் அது வழியக் கட்டிய கலுங்கைத் தாண்டி மறுகாலாகப் போய்க் கீழூர்க் கண்மாய்க்குச் சேரும். மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம். இப்படி ஒன்றின் மறுகால் இன்னொன்றின் வரத்தாகப் போகும் சங்கிலிகள்தான் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் முழுக்க. வைகையே ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்த்தான் அடங்குகிறது. ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். மடையை எண்ணித்தான் ஒரு கண்மாய்க்குப் பெருமை, ஆழத்தைச் சொல்லி இல்லை.

எங்கள் கண்மாயைச் சில வருஷங்களுக்கு முன்னால் தூர்வாரினார்கள். லாரி ஏற வசதி என்று, உள்வாயில், அதாவது கண்மாயின் உட்புறத்தில், கரையை ஒட்டியே தோண்டினார்கள். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே ஆளுயரத்துக்கும் அதிகம். 'மடைக்குக் கீழே நிற்கிற தண்ணி எப்படிய்யா வயலுக்கு ஏறும்' என்று பெரியவர் ஒருத்தர் கேட்டதற்கு, 'கொள்ளளவு கூடுது தாத்தா, எஸ்டிமேட்டில் அப்படித்தான் இருக்கு' என்று பதில். காகிதத்தில் கொள்ளளவு கூடியது உண்மைதான். அந்தத் தண்ணீரில் மாடு குளிப்பாட்டலாம், மீன் குத்தகை விடலாம். எஞ்சின் வைத்து இறைக்காமல் ஒரு வயலும் நனையாது. இதில் கரையின் காலடியையே நோண்டி வைத்ததால் மழைக்கு ஒரு பக்கம் சரிந்ததும் நடந்தது, அந்த ராத்திரி மணல் மூட்டை சுமந்தது தனிக்கதை.

அந்த வருஷம் நல்ல மழை. பள்ளம் நிறைந்தது, கண்மாய் நிறையவில்லை. காரணம் இரண்டு கிலோமீட்டர் மேலே இருந்தது. ரோடு போட்டபோது வரத்துக்காலுக்குக் குறுக்கே பாலம் கட்டி, குழாயைக் காலின் தரையை விட உயரமாகப் பதித்துவிட்டார்கள். அதற்கு மேலே முழுக்கச் சீமைக்கருவேலம். தண்ணீர் அங்கேயே மறித்துப் பக்கத்துப் புஞ்சைகளில் தேங்கி, முண்டு மிளகாயை அழுக வைத்தது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே முண்டு மிளகாய். கண்மாய்க்குள் மண் எடுக்க ஆள் உண்டு, மண்ணுக்கு விலை இருக்கிறதே. வரத்துக்காலை வெட்டினால் முள்ளுதான் கிடைக்கும்.

சீமைக்கருவேலத்தைத் திட்டுவதிலும் நான் அளவோடுதான். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது ஊரே கை தட்டியது, ஆனால் பஞ்ச வருஷங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. காட்டில் நிற்பது நிற்கட்டும். வரத்துக்காலிலும் கலுங்கடியிலும் நிற்பதை முதலில் வேரோடு எடுங்கள் என்கிறேன்.

அதே 2017-ல் அரசாங்கம் குடிமராமத்துத் திட்டம் என்று 100 கோடி ரூபாயில் 1,519 நீர்நிலைகளில் வேலை தொடங்கினார்கள். அந்தப் பெயருக்கு எங்கள் அப்பா காலத்தில் அர்த்தம் வேறு: கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் நிலம் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆள், மண்வெட்டியோடு, மழைக்கு முன்னால் வரத்துக்காலில் இறங்க வேண்டும். மடையைத் திறக்கவும் மூடவும் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார், அறுப்பு முடிந்ததும் களத்திலேயே அவருக்கு நெல் அளப்பார்கள். தண்ணீர் குறைந்தால் யாருக்கு எத்தனை நாழிகை என்று அவர் சொல்வதுதான். அவருக்குப் பிறகு அந்த வேலைக்கு யாரும் வரவில்லை, வருகிறேன் என்று சொன்னவர்களுக்கும் நாங்கள் ஒழுங்காக நெல் அளக்கவில்லை. இதில் அரசாங்கத்தை மட்டும் குறை சொன்னால் அது பொய்.

கரம்பை, அதாவது கண்மாய் வண்டல் மண், விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் உள்வாய் மண்ணை மேலாக, பரவலாக வழித்து வயலில் அடித்தால் அந்த நிலம் ஈரத்தைக் கூடுதல் நாள் பிடிக்கும், உரச் செலவும் குறையும். இப்போது நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 என்று இலவசமாகவே எடுக்க விதி இருக்கிறது. நாலைந்து விவசாயிகள் சேர்ந்து எடுத்தால் கண்மாயும் பள்ளமாகாமல் தூர் குறையும், வயலும் தேறும். ஆனால் டிராக்டர் வாடகை கொடுக்க முடியாத சின்ன விவசாயி வேடிக்கைதான் பார்க்கிறான். கட்டுரையாளர் இதை எழுதியிருக்கலாம்.

உங்கள் நிருபர் அடுத்த முறை வந்தால் கோடையில் ஜேசிபி நிற்கும்போது வர வேண்டாம். ஐப்பசியில் முதல் பெருமழைக்கு மறுநாள் காலையில் வரட்டும். எங்கள் கலுங்கிலிருந்து மேலே அந்தப் பாலம் வரைக்கும் வரத்துக்காலில் நடந்து காட்டுகிறேன். செருப்பு தாங்காது, முள் ஏறும், பூட்ஸ் போட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கண்மாய்ப் பாசன விவசாயி,
முதுகுளத்தூர் வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்