தென்வடல் 60 அடி

அன்புள்ள செந்தில்,

சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்குப் புரட்டாசியில் பதில் எழுதுகிறேன். நேரில் வரும்போது திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். கோபால் இன்னும் அந்த ஸ்கூட்டரை விற்கவில்லை.

இப்போது எழுத உட்கார்ந்தது உன் அப்பாவுக்காக.

வக்கீல்களுக்கு நான் செய்து தரும் மென்பொருளில் இந்த வருஷம் ஏஐ சேர்த்தேன். கிரயப் பத்திரத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால் சர்வே எண், நான்கெல்லை, அளவு எல்லாவற்றையும் எடுத்துக் கட்டங்களில் நிரப்பிவிடும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளில் எழுத்தை உருவினால் ஆங்கிலக் குப்பைதான் வரும். அதனால் பக்கத்தைப் படமாகவே படிக்க வைத்தேன். ஓடியது. அன்றிரவு சந்தோஷத்தில் தூக்கமே இல்லை.

அப்புறம் ஒரு வக்கீல் கூப்பிட்டார். பத்திரத்தின் மடிப்பில் ஓர் எண் கிழிந்து போயிருந்தது. ஏஐ அங்கே 'தென்வடல் 60 அடி' என்று போட்டிருக்கிறது. கிழமேல் 40. அடுத்த பக்கத்திலேயே மொத்தம் 2160 சதுர அடி என்று இருக்கிறது, செந்தில்! அப்படியானால் தென்வடல் 54 தானே? கையெழுத்துப் போடும் முன் அவர் பார்த்துவிட்டார். பார்க்காமல் விட்டிருந்தால்? ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தில் வாங்கும் மனை அது. தெரியவில்லை என்று சொல்லாமல், பொருத்தமாக ஒன்றை இட்டு நிரப்புகிறதே, அதுதான் எனக்குப் பயம்.

அப்போதுதான் உன் அப்பா நினைவுக்கு வந்தார். பத்திரம் எழுதும்போது அளவை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவார். அகலம், நீளம், பரப்பு மூன்றையும் எழுதுவார். ஒன்று அழிந்தாலும் இன்னொன்று சாட்சி. நாம் அதைக் கிண்டல் செய்தோம்.

இப்போது ஒவ்வொரு விவரத்துக்கும் அது வந்த வரியை ஏஐ அப்படியே காட்ட வேண்டும். வரி இல்லையென்றால் கட்டம் காலி. பெருக்கலை ஏஐயிடம் விடாமல் என் நிரலே போடுகிறது. ஒத்துவராவிட்டால் சிவப்பு. ஆதார் எண்ணை மறைத்த பிறகுதான் பக்கம் வெளியே, ஏஐக்குப் போகும்.

தமிழ் எண்கள்தான் இன்னும் படுத்துகின்றன. ௮ என்பது எட்டு, பார்த்தால் அ மாதிரி. சர்வே உட்பிரிவிலும் அ, ஆ என்று வருகிறதே! எது எது என்று அப்பா எப்படிப் பிரித்துப் படிப்பார்? பத்திரத்தில் வேறு எதையெல்லாம் இரண்டு இடத்தில் எழுதுவார்கள்? கேட்டு வை. தீபாவளிக்கு மறுநாள் பத்துப் பத்திரங்களோடு வருகிறேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து வை.

உன்,
முரளி